தொட்டால் பேசும் கை

இரண்டு நாள் தூங்காததில் எனக்குக் கழுத்தே திரும்பவில்லை. ஆனாலும் ஹட்டன் மண்டபத்தில் நடந்த கண்காட்சிக்கு நான் செய்து வைத்த சிமெந்துக் கைகள், தொட்டவர்களிடமெல்லாம் பேசின.

கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கடைசிக் கையைத் தொட்டார்.

"அம்மா, தேத்தண்ணி ஊத்திட்டேன். ஆறுறதுக்குள்ள வாங்க!" என்றது ஒரு பெண்பிள்ளையின் குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

அது ஜெயந்தினியின் குரல். தன் போனிலிருந்த அந்தப் பதிவை எனக்குத் தந்த அவள் தாய் பேச்சியம்மா, தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து நேரே வந்திருந்தார்.

"தொடுங்கக்கா."

தொட்டார். சத்தமில்லை. இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்தார். அப்போதும் இல்லை. நான் விரல் வைத்ததும் குரல் வந்தது.

"ஊருக்கெல்லாம் பேசுறா. எங்கிட்டத்தான் பேச மாட்டேங்கிறா தம்பி."

"வயர் ஏதாச்சும் கழண்டிருக்கும்க்கா."

"வயரு இல்ல. படிக்கணும்னு அழுதவள மலைக்குக் கொழுந்து பறிக்க அனுப்புனது நான்தானே? மூணாம் நாளே குளவி கொட்டிச் செத்துட்டா. கோவம் இருக்காதா?"

பஸ்ஸுக்கு நேரமென்று போய்விட்டார்.

மறுநாள் கொழுந்து பறிக்கும் பெண்கள் பத்துப் பேர் வந்து தொட்டார்கள். ஒரு கையும் பேசவில்லை. காய்ப்பேறிய விரல்களை என் கருவி உணரவில்லை என்பது அப்போதுதான் விளங்கியது. தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்த நான், படிக்கப் போய் மிருதுவாகிவிட்ட என் விரலை வைத்து மட்டுமே சோதித்திருந்தேன்.

நாலு மாதமாகிறது. ஜெயந்தினிக்குக் கோபமில்லை, பிழை என்னுடையது என்று பேச்சியம்மாவிடம் போய்ச் சொல்லவேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.