சரளாவுக்குத் தலைவலி

"ஆர்கெஸ்ட்ராக்காரங்களைக் கொஞ்சம் மெதுவா வாசிக்கச் சொல்லுங்க சம்மந்தி. எங்க சின்னவளுக்குச் சத்தம் தாங்காது."

குணசேகர் கெஞ்சாத குறையாகக் கேட்டார். மாப்பிள்ளையின் தாய்மாமன் பக்தவச்சலம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இது ரிசப்ஷனா, எழவு வீடா? நாலு பேர் வர்ற இடத்துல சத்தம் இல்லாம எப்படிங்க?"

"நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில ஆட்டிசம்னு சொல்லியிருக்காங்க. அவளுக்கு..."

"தெரியும், தெரியும். அதுக்குத்தான் பொண்ணை வீட்லயே விட்டுட்டு வாங்கன்னு அப்பவே சொன்னேன். அழுதுச்சுன்னா பின்னாடி ஸ்டோர் ரூம் இருக்கு. அங்க கொண்டுபோய் உக்கார வையுங்க."

குணசேகர் பல்லைக் கடித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவர். சம்பந்தி வீட்டாரை வாய்விட்டுத் திட்டவா முடியும்?

கோலார் தங்க வயலை விட்டுப் பெங்களூர் பொம்மனஹள்ளிக்கு வந்ததிலிருந்து, சின்னவள் சங்கமித்ராவை எந்தக் கல்யாணத்துக்கும் அவர் அழைத்துப் போனதில்லை. ஆனால் இது அவள் அக்கா விஜியின் கல்யாணமாயிற்றே! "மித்ரா பக்கத்துல நிக்காம எனக்குப் போட்டோவே வேணாம்ப்பா" என்று விஜி ஒரே பிடியாகச் சொல்லியிருந்தாள்.

அந்தப் போட்டோவைத்தான் இன்னும் எடுத்தபாடில்லை. மித்ராவைக் கூட்டிக்கொண்டு மேடைப் பக்கம் போனாலே, "ஃபிலிமை வேஸ்ட் பண்ணாதீங்க, வி.ஐ.பி. வர்றாங்க" என்று தடுத்துக்கொண்டிருந்தார் பக்தவச்சலம்.

அந்த வி.ஐ.பி. வந்தாள். டி.வி. சீரியலில் மருமகளைப் படுத்தி எடுக்கும் மாமியார், நடிகை சரளா. மண்டபமே எழுந்து நின்றது. முதல் வரிசையில் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். அதே வரிசையின் ஓரத்தில், பதினாலு வயது மித்ரா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள்.

குணசேகர் இன்னொரு தடவை போய் நின்றார்.

"சம்மந்தி, இப்பவாவது கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்க. புள்ளை நடுங்குது."

"மேடம் முன்னாடி மானத்தை வாங்காதீங்க. போங்க அப்பால!"

நடிகையைக் கண்ட உற்சாகத்தில் ட்ரம்ஸ்காரர் விளாசித் தள்ளினார். மித்ரா காதைப் பொத்திக்கொண்டு அலறினாள்.

"என்னங்க இது அசிங்கம்! ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேனா இல்லையா?" பக்தவச்சலம் பாய்ந்து வந்தார்.

"பொண்ணை வளத்திருக்கிற லட்சணத்தைப் பாரு" என்றது பின்வரிசை.

குணசேகர் மகளின் கையைப் பிடித்தார். ஸ்டோர் ரூமுக்குப் போக வேண்டியதுதான். விஜி மேடையில் கண் கலங்கி நிற்பது அங்கிருந்தே தெரிந்தது.

"நில்லிசி!"

நிறுத்தச் சொல்லிக் கன்னடத்தில் ஓர் அதட்டல். சரளா எழுந்து நின்றிருந்தாள்.

"யாரு இந்த ஸ்பீக்கரை இங்க வெச்சது? தலைவலி மண்டையைப் பொளக்குது எனக்கு. பாட்டை நிறுத்துங்க. இல்லன்னா இப்பவே கிளம்பறேன்!"

பக்தவச்சலம் தானே ஓடிப்போய்ப் பாடகரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். "சாரி மேடம், சாரி மேடம்."

"மினுக்கற கலர் லைட்டையும் அணைங்க. கண்ணு கூசுது."

அணைந்தது.

"எதுக்கு இத்தனை பேர் மேல வந்து விழறீங்க? தள்ளி நில்லுங்க. காத்து வரட்டும்."

கூட்டம் பின்வாங்கியது.

"என்னா திமிரு பாத்தியா?"

"இவ சீரியல்ல நடிக்கவே இல்லடி. சுபாவமே அதான்."

எல்லாம் முணுமுணுப்புதான். அவள் காதில் விழும்படி சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

குணசேகருக்கு வயிறு எரிந்தது. பெற்ற தகப்பன் காலில் விழாத குறையாகக் கேட்டும் அசையாத மனுஷன், எவளோ ஒரு நடிகைக்குத் தலைவலி என்றதும் மண்டபத்தையே வாய் பொத்த வைக்கிறான். மித்ரா அழுகையை நிறுத்திக் காதிலிருந்து கையை எடுத்ததை, அந்த ஆத்திரத்தில் அவர் கவனிக்கவில்லை.

"மேடம், மேடையில ஒரே ஒரு போட்டோ..." பக்தவச்சலம் குழைந்தார்.

"தனியா நிக்கறதுக்கு நான் என்ன கட்அவுட்டா? பொண்ணோட அப்பா, அம்மா, தங்கச்சி எல்லாரும் வரட்டும். அப்பதான் நான் ஏறுவேன். ஒரே ஒரு ஃப்ளாஷ். அதுக்கு மேல அடிச்சா இறங்கிடுவேன்."

பக்தவச்சலமே ஓடிவந்து அவர்களை மேடையேற்றினார். மித்ரா அக்காவின் பட்டு முந்தானையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். விஜி அழுதுகொண்டே சிரித்தாள். போட்டோ எடுத்தாயிற்று.

சரளா சாப்பிடாமலே கிளம்பினாள். கார்வரை வழியனுப்பப் போன குணசேகருக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"தப்பா நெனச்சிக்காதீங்க மேடம். என் பொண்ணுக்காக சாயங்காலத்திலேர்ந்து கெஞ்சறேன், ஒருத்தன் காதுல வாங்கலை. உங்களுக்குத் தலைவலின்னதும் அத்தனை பேரும் பறக்கறானுங்க. இது என்னாங்க நியாயம்?"

கார்க் கதவைத் திறந்த சரளா அப்படியே நின்றாள்.

"போன வருஷம் இந்த மாதிரிப் புள்ளைங்க ஸ்கூல்ல விளக்கேத்தக் கூப்பிட்டாங்கண்ணா. ஏத்திட்டு உடனே ஓடியாந்துடலாம்னுதான் போனேன். 'எங்க போனாலும் எங்களைத்தான் வெளியே போகச் சொல்றாங்க'ன்னு ஒரு அம்மா சொன்னாங்க. அதைக் கேட்டதிலேர்ந்து, இப்படிப்பட்ட புள்ளைங்க இருக்கற இடத்துல எல்லாம் எனக்குத் தலைவலி வந்துடுது."

குணசேகர் புரியாமல் பார்த்தார்.

"நீங்க கேட்டது என் காதுலயும் விழுந்துச்சு. உங்க பொண்ணுக்குன்னு கேட்டா நிறுத்த மாட்டாங்கண்ணா. அதான், எனக்குன்னு கேட்டேன்."