தூக்கம் ஒரு மனநிலை

“தூக்கம்ங்கிறது வெறும் மனநிலை. நானும் உங்கள மாதிரி வானத்துல ட்ராலி தள்ளினவன்தான். ஒருநாள்கூட கண்ணசந்ததில்ல,” என்றார் பயிற்சி அதிகாரி, சட்டையில் குத்தியிருந்த மைக்கில்.

களைப்பை வெல்வது பற்றிய அந்த வகுப்பை விமானப் பணிப்பெண்களின் ஓய்வு நாளில் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அவர்கள் சும்மாதானே இருக்கிறார்கள்.

அவர்களில் ஒருத்தியான அவள் அன்று காலையில்தான் தரையிறங்கியிருந்தாள். கண்களை வம்படியாக விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போன வகுப்பில் கொட்டாவி விட்டதற்கே எச்சரிக்கை வாங்கியாயிற்று. இன்னொரு தடவை என்றால் பறக்கத் தகுதியில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வீட்டில் புருஷன், மாமியார் எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவது அவள் சம்பளத்தில்தான்.

படம் காட்டுவதற்காக விளக்குகளைக் குறைத்தார்கள். ஏசி ஒரே சீராக இரைந்தது.

அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

டிங்.

அதிகாரியின் கணினிக்கு யாரோ மெயில் அனுப்பியிருந்தார்கள். விமானத்தில் பயணிகள் கூப்பிடும் மணிக்கும் அதே சத்தம்தான். அவள் எழுந்துவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு எழுந்திருக்க அவள் கால்கள் மூளையிடம் அனுமதி கேட்பதில்லை.

மங்கல் வெளிச்சம். நடுவில் வழி, இருபுறமும் வரிசையாகத் தலைகள். எந்த ஊருக்குப் போகிறோம்? ஜன்னல்களை யார் அடைத்தது? இப்போது பகலா, இரவா? கேட்டுவிடலாம்தான். ஆனால் பணிப்பெண்ணே பயணியிடம் ஊர் விசாரித்தால் நன்றாகவா இருக்கும்?

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. முன்னால் ஓர் ஆள் கையில் குச்சியோடு நிற்கிறார். தரையிறங்கும் நேரத்தில் இப்படி யாராவது நிற்பார்கள். பெரும்பாலும் தன்னைப் பெரிய மனிதராக நினைத்துக்கொண்டிருப்பவர்தான்.

நேரே போய்ப் பல் தெரியச் சிரித்தாள்.

“சார், லேண்டிங் ஆகப் போகுது. உக்காந்து பெல்ட்டப் போட்டுக்கங்க.”

அவர் பேச்சைப் பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். பிறகு மேடை நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த திரை அவள் கண்ணில் பட்டது. ‘களைப்பை வெல்ல எளிய வழிகள்’.

வேலை போயிற்று. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். எந்த மொழியில் கேட்பதென்று புரியவில்லை.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பயணிகள் பெல்ட்டை இடுப்புப் பக்கம் தேடுவார்கள். இவருடைய இரண்டு கைகளும் தோளுக்கு மேலே போய் நாற்காலியின் முதுகைத் துழாவின. விமானப் பணியாளர் இருக்கையில் பெல்ட் பட்டைகள் அங்கேதான் இருக்கும்.

கிடைக்கவில்லை போலும். மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். ரகசியமாகத்தான் கேட்டார். சட்டையில் குத்தியிருந்த மைக் அதை அரங்கம் முழுவதற்கும் சொல்லிவிட்டது.

“எந்த ஊரும்மா இது?”