படிக்காமல் விட்டது: பூஜ்ஜியம்

தெய்வானை நாற்பத்தொரு வலைப்பூக்களைப் படித்துவந்த பழைய செயலியை மூடப்போகிறார்கள். புதிதாக ஒன்றைப் பார்த்து வைக்கும் வேலையைக் கணவன் நாச்சிமுத்து தானே கேட்டு வாங்கிக்கொண்டான். ஐந்து வருடமாக அவளுக்குத் தெரியாமல் புனைபெயரில் வலைப்பூ எழுதுகிறவன் அவன். போன வாரம்கூட, வாரத்துக்கு மூன்று நாள் கொள்ளு ரசம் குடித்துப் பிழைக்கும் ஒருவனின் கதறலை எழுதியிருந்தான். அவளுடைய பட்டியலில் தான் இருக்கிறோமா என்று பார்த்துவிடத் துடித்தான். முதல் செயலி பத்திக்குப் பத்தி விளம்பரத்தைச் செருகியது. இரண்டாவது, தமிழைக் கட்டம் கட்டமாகக் காட்டியது. மூன்றாவதில்தான் அவள் பிரித்து வைத்திருந்த ஃபோல்டர்கள் அப்படியே வந்து இறங்கின: 'காப்பியோட', 'பஸ்ல போறப்ப', 'தூக்கம் வராதப்ப'. அந்த மூன்றிலும் அவன் இல்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும், ஆனால் முகம் தொங்கிப்போனது. கடைசியாக இன்னொரு ஃபோல்டர் இருந்தது, திறந்தான். உள்ளே ஒரே ஒரு வலைப்பூ, அவனுடையது. படிக்காமல் விட்டது பூஜ்ஜியம். ஃபோல்டரின் பெயர் 'எங்கூட்டுக்காரரு'.

"ஏனுங்க, எல்லாம் வந்துருச்சுங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் தெய்வானை.

"வந்துருச்சு அம்மிணி" என்றான்.

அன்று ரசமில்லாத கிழமை. ஆனாலும் கொள்ளு வேகும் வாசனை கூடம்வரை வந்துவிட்டிருந்தது.