டெஸ்ட் பிறந்தநாள்

"அய்யய்யோ!"

வனஜா போட்ட சத்தத்தில் ஐ.டி. பிரிவில் இரண்டு பேர் டீயைக் கொட்டிக்கொண்டார்கள்.

"என்னாச்சு?" என்று பக்கத்து சீட் ஜான்சி ஓடி வந்தாள்.

ஆனது இதுதான். புனே பக்கம் ஆகுர்டியில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி அது. ஊழியர்கள் எல்லோரும் பார்ப்பதற்காக ஆபீஸ் சர்வரில் ஒரு புது சைட் அமைக்கும் பொறுப்பு வனஜாவுடையது. அறிவிப்புக்கு ஒரு பெட்டி, லீவுக்கு ஒரு பெட்டி, பிறந்தநாளுக்கு ஒரு பெட்டி. மூன்று மணிக்கு டைரக்டர் திறந்து வைக்கிறார்.

பிறந்தநாள் பெட்டி வேலை செய்கிறதா என்று பார்க்க ஏதாவது ஒரு பெயரைப் போட வேண்டாமா? போட்டாள். 'இன்று பிறந்தநாள் காணும் ஸ்டோர்ஸ் பரமசிவம் அனைவருக்கும் ஜிலேபி வழங்குகிறார்!'

காலையில்தான் ஸ்டோர்ஸில் சாமான் எடுத்துக் கொடுக்கும் அந்த மனிதர், சீட்டில் தேதி போடவில்லை என்று சொல்லி ஒரு மவுஸுக்காக அவளை மூன்று தடவை நடக்கவிட்டிருந்தார். அந்தக் கடுப்பு. பார்த்துச் சிரித்துவிட்டு அழித்துவிடலாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் புது சைட்டில் எதை ஏற்றினாலும் உறுப்பினர்களுக்குத் தானாகவே மெயில் பறக்கும். அதை நிறுத்தி வைக்க மறந்துவிட்டாள்.

"யார் யாருக்குப் போச்சு?"

"எல்லாருக்குமுங்க."

"எல்லாருக்கும்னா?"

"டைரக்டர் வரைக்கும்!"

ஜான்சிக்குக் குபீரென்று சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றும் போனது. போன மாதம் 'டெஸ்ட் டெஸ்ட்' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பிய ஆண்டனியை, மேனேஜர் சந்துரு அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வனஜாவின் ஆறு மாத ஒப்பந்தம் இந்த வாரத்தோடு முடிகிறது. எட்டு வருடம் வீட்டில் இருந்துவிட்டு, நாற்பது வயதில் அலைந்து திரிந்து பிடித்த வேலை.

"பரமசிவம் சார் மட்டும் கம்ப்ளெய்ன்ட் எழுதினார்னா அவ்வளவுதான் வனஜா. ஒரு நட்டு கொறைஞ்சாலே லாரியைத் திருப்பி அனுப்பற ஆளு. பொய்யுன்னா அவருக்கு ஆகவே ஆகாது!"

இருவரும் இரண்டிரண்டு படியாய்த் தாவி ஸ்டோர்ஸுக்கு ஓடினார்கள்.

அங்கே திருவிழா. பெயின்ட் ஷாப், அசெம்பிளி, கேன்டீன் என்று மொத்தக் கூட்டமும் கவுன்டர் முன்னால் நின்றது. மராத்தியிலும் இந்தியிலும் வாழ்த்துகள். யாரோ சாமந்தி மாலை போட்டுவிட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் இஸ்மாயில், "ஜிலேபி கஹாங், சாப்?" என்று தட்டோடு நின்றான். நடுவில் மாலையும் கழுத்துமாகப் பரமசிவம், ஒன்றும் புரியாமல் முழித்துக்கொண்டிருந்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார் சந்துரு.

"வனஜா, இது உங்க வேலைதானே?" என்றவர், பரமசிவத்தின் பக்கம் திரும்பினார். "சார், ஹெச்.ஆர். ரெக்கார்டுல உங்க பிறந்தநாள் ஜூன் ஒண்ணு. இது அக்டோபர். அப்போ இது தப்பான மெயில். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."

வனஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பரமசிவம் கண்ணாடிக்கு மேலாக அவளை ஒரு தரம் பார்த்தார்.

"அரே சந்துரு சார், ஜூன் ஒண்ணு ஸ்கூல்ல மாஸ்டர் போட்டது. எங்க வீட்ல எவன் பர்த் சர்ட்டிபிகேட் வாங்கினான்? நெஜமா பொறந்த நாளு இன்னிக்குதான். விசாரிச்சு கரெக்டா போட்டிருக்குது அந்தப் பொண்ணு."

கூட்டம் 'ஹோ'வென்று கத்தியது.

"எனக்கும் ஸ்கூல்ல ஜூன் ஒண்ணுதான் போட்டாங்க!"

"மாஜா பண் ஏக் ஜூன்!" தனக்கும் அதே தேதிதான் என்று மராத்தியில் ஒரு குரல்.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு வாத்தியாரே ஜூன் ஒன்று என்று எழுதிவிடுவது இந்தப் பக்கத்தில் சகஜம். கம்பெனியில் மட்டும் நாற்பது பேருக்கு மேல் அன்றைக்குத்தான் 'பிறந்தவர்கள்'. சந்துருவின் முகத்திலேயே சிரிப்பு வந்துவிட்டது. "எங்க அப்பாவுக்கும் இதே கதைதான் சார்," என்றார்.

அந்த நேரம் பார்த்து டைரக்டர் போன் செய்தார்; சந்துரு விஷயத்தைச் சொன்னார். ஒரு ஸ்டோர்ஸ்காரரின் நிஜப் பிறந்தநாளைக் கண்டுபிடித்து வாழ்த்தும் சைட்டை அவர் பார்த்ததே இல்லையாம்.

"தேங்க்யூ சார்! என் ஐடியாதான் சார்!" என்றார் சந்துரு, கூச்சமே படாமல். போனை வைத்துவிட்டு, "வனஜா, இன்னும் ஒரு வருஷத்துக்கு சைட்டை நீங்களே பாத்துக்கோங்க," என்றார்.

பரமசிவம் சொந்தச் செலவில் ஜிலேபி வரவழைத்தார். இஸ்மாயில் வாயில் ஒன்றும் கையில் ஒன்றுமாக ஆடினான். பரமசிவத்தையும் இழுத்து விட்டார்கள். அவரும் மாலை குலுங்க ஆடினார். அதுவரை அவர் ஆடி யாரும் பார்த்ததில்லை. இனியும் பார்க்கப் போவதில்லை.

சாயந்திரம் கூட்டம் கலைந்ததும் வனஜா கவுன்டரில் போய் நின்றாள். வாயெல்லாம் சிரிப்பு.

"சார், உண்மையைச் சொல்லிப்போடறேனுங்க. நான் யாரையும் விசாரிக்கலைங்க, குருட்டாம்போக்குல போட்டேன். அது உங்க நெஜப் பிறந்தநாளாவே அமைஞ்சுதுங்க பாருங்க! என் அதிர்ஷ்டமுங்க சார்!"

பரமசிவம் அக்கம்பக்கம் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இந்தக் கம்பெனியில நெஜமாவே ஜூன் ஒண்ணாந்தேதி பொறந்தவன் நான் ஒருத்தன்தாம்மா!"