பதினேழாம் வாய்ப்பாடு

பதின்ம வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒரு சக்தி வந்துவிடுகிற காலம் அது. பதினொன்றாம் வகுப்புப் பூங்கோதைக்கு வாய்த்தது உள்ளங்கைச் சூடு. மதிய மணி அடித்ததும் வகுப்பே அவளிடம் டிபன் பாக்ஸை நீட்டும், சோற்றைச் சுட வைத்துத் தரச் சொல்லி. அதே வகுப்பு ரெஹானாவுக்கோ, பக்கத்தில் இருப்பவர் மனதில் ஓடுவது காதில் விழும். வாத்தியார்களே அவளுக்கு வழிவிட்டு ஒதுங்குவார்கள். அதைப் பார்க்கப் பார்க்கப் பூங்கோதைக்கு வயிறு எரிந்தது.

ரெஹானா நெருங்கினால் மனதுக்குள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தின் எழுதாத சட்டம். அது ஓடும்போது வேறு நினைப்பு எதுவும் வராது.

ஒருநாள் மதியம் ரெஹானா டிபன் பாக்ஸோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பூங்கோதைக்கு இருந்த எரிச்சலில் வாய்ப்பாடு மறந்தே போயிற்று.

'வந்துட்டா மகாராணி. நடையைப் பாரு, பின்னலைப் பாரு. இவளுக்கு அந்தச் சக்தி, எனக்கு அடுப்பு வேலை' என்று மனம் பொரிந்து தள்ளியது.

ரெஹானா சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். பூங்கோதைக்கு முகம் வெளிறிவிட்டது. ஒரு பதினேழு பதினேழு, இரண்டு பதினேழு முப்பத்துநாலு என்று அவசரமாக ஆரம்பித்தாள்.

"அதை மட்டும் சொல்லாதடி," என்றாள் ரெஹானா. அவள் கண் கலங்கியிருந்தது. "ரெண்டு வருஷமா யார் பக்கத்துல போனாலும் அதான் கேக்குது. நீ ஒருத்திதான் என்னப் பத்தி நினைச்சிருக்க. இன்னும் கொஞ்சம் திட்டு."