கைக்கு வந்த காசு

"பட்டறையை மட்டும் மூடிடாதீங்க மச்சான். இன்னும் ஆறு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டுங்க."

நிதித்துறை ஆலோசகர் இப்படிச் சொன்னபோது, அவருடைய மனைவியின் அண்ணன் வாசற்படியைத் தாண்டாமல் நின்றார். உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு, இருக்கட்டும் என்றார். கோபம் போல என்று நினைத்துக்கொண்டார் ஆலோசகர். இருக்காதா பின்னே? வரியைக் குறைக்கலாம் என்று அமைச்சருக்கு யோசனை சொன்னவரே இவர்தான். ஊரே இவரைத் தலையில் தூக்கி வைத்து ஆடியது. வருமானம் குறைந்ததும் அரசு முதலில் நிறுத்தியது பள்ளிகளுக்கு பெஞ்சு வாங்குவதை. அந்த பெஞ்சுகளைச் செய்து கொடுத்து வந்தது மச்சானின் மரப்பட்டறை.

"பெஞ்சு போனா போகுது மாப்ள. ஜனங்க கையில காசு புழங்கும், தானா பட்டறைக்கு வருவாங்கன்னு சொன்னீங்க. ஒரு ஈ காக்கா எட்டிப் பார்க்கலையே."

ஆலோசகர் பொறுமையாக விளக்கினார். மிச்சமாகும் பணத்தை ஜனங்கள் செலவு செய்வார்கள், வியாபாரம் பெருகும், விட்ட வரி வேறு வழியில் கஜானாவுக்கே திரும்பிவிடும் என்றார். ஆனால் காலையில்தான் அமைச்சர் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். பணம் திரும்பவில்லை, இறக்குமதிச் சாமான் வாங்கியே கப்பலேறிப் போய்விட்டதாம்.

"வெளிநாட்டு மோகம் எத்தனை நாளைக்கு மச்சான்? நம்ம மனுஷங்க நம்மளை விட்டுக்கொடுத்துடுவாங்களா?"

மச்சான் அவரையே பார்த்தார். அந்த முகத்தில் கோபம் துளியும் இல்லை. அதுதான் ஆலோசகருக்குப் பயமாக இருந்தது.

"பட்டறையை மூடி ரெண்டு மாசமாச்சு மாப்ள. தங்கச்சிகிட்ட சொல்லத்தான் வாய் வரலை."

ஆலோசகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பட்டறையை நம்பி எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று அவருக்குத் தெரியும்.

"அப்போ... பொழப்புக்கு என்ன பண்றீங்க?"

"துறைமுகத்துக்கு வர்ற சாமானை வீடு வீடா கொண்டுபோய் இறக்குறேன்" என்ற மச்சான், தெருவில் நின்ற லாரியைத் திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி ஆர்டர் பண்ணின வெளிநாட்டு சோபா வந்திருக்கு. எந்த ரூம்ல இறக்கட்டும் மாப்ள?"