கல் வைத்தவன்

"ஜோயலு, உங்கப்பன் கல்லற மேல எவனோ கல்லு வைக்கிறான்டா. மாசாமாசம் மொத ஞாயித்துக்கெழம வந்துட்றான்!"

ஆடு மேய்க்கிற பாப்பம்மாள் சொன்னதும் ஜோயலுக்கு நிலம் பிடிக்கிறவர்கள் நினைப்புதான் வந்தது. ஒரகடம் பக்கம் முதலில் சர்வே கல் வரும், பின்னாலேயே வேலி வரும், அப்புறம் கம்பெனி வரும். கல்லறைத் தோட்டத்தை மட்டும் விட்டுவைப்பார்களா?

ஓடினான். 'ராஜசேகர்' என்ற பெயருக்கு மேல் மூன்று கூழாங்கற்கள். அள்ளி வேலியோரம் வீசினான்.

அடுத்த மாதம் ஒன்று. அதற்கடுத்த மாதமும் ஒன்று. இரண்டையும் வீசினான்.

புரோக்கர் வேலையா, செய்வினையா? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அடுத்த மாதம் முதல் ஞாயிறு, ஓவர்டைம் வேலையை விட்டுவிட்டு வேப்பமரத்துக்குப் பின்னால் காத்திருந்தான்.

வந்தவனுக்கு ஜோயல் வயசுதான் இருக்கும். பாக்கெட்டிலிருந்து கல்லை எடுத்தான். ஜோயல் பாய்ந்து சட்டையைப் பிடித்தான்.

"எந்தப் புரோக்கர்யா அனுப்ச்சான்? எங்கப்பா கல்லறையில உனக்கு இன்னா வேலை?"

வந்தவன் முகம் மலர்ந்தது. "ஜோயலா? உங்கப்பா உங்களப் பத்தி நெறைய சொல்வாரு. நான் ரூபன். சொந்த ஊரு பம்பாய்; இங்க கம்பெனில வேல, தமிழும் இங்கதான் கத்துக்கிட்டேன்."

"பேச்ச மாத்தாத. கல்லு எதுக்கு?"

"நாங்க யூதருங்க. பூ வாடிடும், கல்லு வாடாது. 'வந்தேன், மறக்கல'ன்னு அர்த்தம். எங்க தாத்தா வைக்கிறப்ப நானே சிரிச்சவன்தான்."

"எங்கப்பாவுக்கு நீ எதுக்கு வைக்கணும்?"

"லாட்ஜ்ல டெங்கு வந்து கிடந்தேன். எங்க கம்பெனி பஸ் ஓட்டின உங்கப்பாதான் ஏழு நாள் கஞ்சி கொண்டாந்தாரு. அவரு போனப்பதான் தாத்தாவோட கல்லு புரிஞ்சுது."

பிடி தானாகத் தளர்ந்தது.

"மொதல்ல மூணு மாசம் கல்லு வச்சது வச்சபடி இருந்துச்சு. யாருமே வரலையேன்னு கஷ்டமா இருக்கும்" என்றான் ரூபன். "இப்பல்லாம் இருக்கிறதில்ல. மகன் வந்து சுத்தம் பண்ணிட்டுப் போறாருன்னு சந்தோஷப்பட்டேன் ஜோயல்."

ஜோயல் வேலியோர முள்ளுக்குள் கையை விட்டு, ஐந்து கற்களையும் தேடிக் கொண்டுவந்து அப்பாவின் பெயர் மேல் வைத்தான். பக்கத்தில் தன் பங்குக்கு ஒரு கல்லையும் வைத்தான்.

அடக்கம் பண்ணிய நாளுக்குப் பிறகு, கல்லை வீசுவதற்குத் தவிர வேறெதற்கும் அவன் அங்கே வந்ததே இல்லை.